கணினியில் ஏறிய தமிழும் பாடபேதமும்: பழைய எழுத்துரு மாற்றிகள் குறித்து ஒரு திறனாய்வு

ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தபோது தமிழ் நூல்கள் பட்ட பாட்டைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். உ.வே.சா. பெயரைச் சொல்லாத விழா மலர் உண்டா? ஆனால் அச்சிலிருந்து கணினிக்கும், கணினியின் ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கும் தமிழ் இடம் பெயர்ந்தபோது என்ன நடந்தது என்பதைப் பதிப்பாசிரியர் கண்ணோடு பார்த்தவர்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் இந்த இரண்டாம் பெயர்ச்சி நம் கண் முன்னாலேயே, சென்ற நாற்பது ஆண்டுகளுக்குள் நடந்தது. நடந்து முடிந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. பாதியில் நிற்கிறது. அந்தப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் புலவர் பட்டம் பெற்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, தில்லிக்கு வந்து, சாவ்ரி பஜாரில் காகித வியாபாரம் செய்கிறவன். ரீம் எண்ணுகிற கை. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஆர்.கே.புரம் ஐந்தாவது செக்டரில் உள்ள தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வருவது வழக்கம். 1946இல் தொடங்கிய சங்கம் அது. தில்லித் தமிழர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே ஒருநாள் பழைய எழுத்துரு மாற்றி ஒன்றைப் பற்றி நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் சிரித்தார். "இப்ப எல்லாமே யூனிகோடுதான் சார். அந்தப் பழைய சாஃப்ட்வேரையெல்லாம் வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, மியூசியமா வைக்கப் போறீங்க?" என்றார். தம்பி கேட்டதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. யூனிகோடு வந்ததால் தமிழ் அடைந்த நன்மையை மறுப்பவன் நானில்லை. மற்றப் பாதிக்குத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் குறியேற்றம் என்றால் என்ன என்பதை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறேன். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் உடன்பாடு வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960களிலேயே வந்துவிட்டது. தமிழுக்கு அவரவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். கனடாவில் ஆதமி, சுவிட்சர்லாந்தில் மயிலை, மலேசியாவில் முரசு அஞ்சல், இலங்கைத் தமிழரிடையே பாமினி, தமிழ்நாட்டு அச்சகங்களில் ஸ்ரீலிபியும் வானவில்லும் இன்னும் எத்தனையோ. ஓர் எழுத்துருவில் அடித்ததை வேறொன்றில் திறந்தால் குப்பை. பாமினியில் "தமிழ்" என்று அடித்து, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஆங்கிலக் குறிகள் ஐந்து நிற்கும். அந்த ஐந்தும் தமிழ்தான். சாவி இல்லாததால் பூட்டாகத் தெரிகிறது.

இதில் தில்லிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் இருக்கும் மானக் பவனிலிருந்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991இல் வெளியிட்டதே இஸ்கி எனப்படும் ஐ.எஸ். 13194 என்ற தரம். அதற்கு முந்தைய 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றித்தான் யூனிகோடில் இந்திய மொழிகளுக்கு ஆளுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். நாகரிக்கு ஒத்துவரும் சட்டத்தைத் தமிழுக்கும் மாட்டிவிட்டார்கள் என்ற மனக்குறை தமிழறிஞர்களிடம் நெடுநாள் இருந்தது. இணையத் தமிழர்கள் தாமே கூடி வகுத்த திஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப், பிறகு 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யூனிகோடோடு சேர்த்து ஏற்கப்பட்ட டேஸ் 16 என்று கதை நீளும். அந்தச் சண்டையில் யார் கட்சி சரி என்பது இங்கே நமக்கு வேண்டாம். ஒவ்வொரு உடன்பாட்டிலும் மக்கள் எழுதினார்கள், எழுதியது தங்கியிருக்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

இப்போது பாடபேதத்துக்கு வருகிறேன்.

ஏட்டில் புள்ளி வைக்கமாட்டார்கள். வைத்தால் ஓலை கிழியும் என்பார்கள். எகர ஏகார வேறுபாடு, ஒகர ஓகார வேறுபாடு எழுத்தில் தெரியாது. கொடு, கோடு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். ஆகவே காடு என்றும் படிக்கலாம், கரடு என்றும் படிக்கலாம். இடம் பார்த்து, யாப்புப் பார்த்து, பொருள் பார்த்துப் படிப்பவன் மனத்தில்தான் மாற்றி இருந்தது. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்டதன்மேல் உ.வே.சா. சீவக சிந்தாமணியை எடுத்தபோது, எழுத்தைக் கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியாமலா இருந்தது? சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் சிந்தாமணியைப் பாராயணமாகவே படித்துவந்த எங்கள் சமணப் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சாயிற்று. அந்தக் குடும்பங்களில் படிக்கும் வழக்கம் அதற்கு முன்பே அற்றுப் போயிருந்தால் ஏடு இருந்தும் என்ன பயன் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஏடு மூலம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மாற்றி. ஒன்று இல்லாமல் மற்றொன்று ஊமை.

நம் காலத்து மாற்றிகள் சின்னஞ்சிறு நிரல்கள். சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர், அழகியோடு வந்த மாற்றி என்று 2000களில் இணையத்தில் எழுதிய தமிழர் எவருக்கும் இவை நினைவிருக்கும். இலவசமாகக் கொடுத்தார்கள். எத்தனை லட்சம் பக்கங்கள் இவற்றின் வழியாக யூனிகோடுக்குக் கரையேறின என்று எவரும் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை. இவற்றைச் செய்தவர்களுக்கு நம் சங்கங்கள் ஒரு பொன்னாடையாவது போர்த்தியிருக்க வேண்டும். அது ஒரு பக்கம். இவற்றின் வேலையைத் திறனாய்ந்து பார்ப்பதும் நம் கடமை. ஏனென்றால் இவையும் பதிப்பாசிரியர்களே.

நீங்கள் இணையத்தில் தமிழ் படிப்பவரானால் "வௌியீடு", "வௌ்ளி", "தௌிவு" என்று எழுத்துகள் முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "கெளதமர்", "பெளத்தம்", "மெளனம்", "ஒளவையார்" என்பவற்றைப் பார்த்தும் ஒன்றும் உறுத்தாமல் கடந்திருப்பீர்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் வகையில் எகரமும் ளகரமும் வரவேண்டிய இடத்தில் ஔகாரம் புகுந்திருக்கிறது. இரண்டாம் வகையில் ஔகாரம் வரவேண்டிய இடத்தில் எகரமும் ளகரமும் பிரிந்து கிடக்கின்றன. என்ன காரணம்? பாமினி போன்ற தட்டச்சுமுறை எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, ஒரே எண். தட்டச்சுப் பொறியில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் போதுமே! திஸ்கி வகுத்தவர்கள் யோசித்து ஔகாரக் குறிக்குத் தனி இடம் கொடுத்தார்கள். ஆனாலும் பழைய பழக்கத்தில் ளகரத்தையே அடித்தவர்கள் இருந்தார்கள்.

நல்ல மாற்றி என்ன செய்யும்? கொம்பு போட்ட எழுத்துக்குப் பின் வெறும் ளகரம் வந்தால் ஔகாரம் என்று கொள்ளும். அந்த ளகரத்தோடு புள்ளியோ கொக்கியோ சேர்ந்திருந்தால் ளகரமாகவே விடும். எழுத்துத் தமிழுக்கு இந்த விதி ஏறக்குறைய முழுக்கப் பொருந்துகிறது. பேச்சுத் தமிழுக்கு? "வெளயாட்டு", "வெளக்கு" என்று ஒரு கதையாசிரியர் வட்டார வழக்கில் எழுதியிருந்தால் அதே விதி அதை "வௌயாட்டு", "வௌக்கு" என்று ஆக்கிவைக்கும். புலவர் தமிழைத் திருத்தும் விதி பாட்டி தமிழைக் கெடுக்கிறது. மாற்றிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிட்டால், பாட்டி என்ன சொன்னாள் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

இதைவிட வேடிக்கை "அவா்கள்". இதையும் கண்ணால் பிடிக்க முடியாது. ரகரத்தின் மேல் புள்ளி வைப்பதற்குப் பதில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்திருக்கிறார்கள். ர் என்பதைக் காலும் புள்ளியுமாக அடித்த பழக்கம் அப்படியே யூனிகோடுக்குள் வந்துவிட்டது. இன்றும் நாளிதழ்த் தளங்களில் காணலாம். தேடுபெட்டியில் "அவர்கள்" என்று நீங்கள் முறையாக அடித்துத் தேடினால், அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் இது அகப்படாது. ஏட்டுக் காலத்தின் ரகர-கால் மயக்கம், வீரமாமுனிவர் காலமும் அச்சுக் காலமும் கடந்து, கணினிக்குள் மறுபிறவி எடுத்திருக்கிறது பாருங்கள். கர்மம் விடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட பிழைகளைப் பின்னால் வருகிறவர்கள் கூட்டமாகத் திருத்தலாம், செய்யக்கூடிய வேலைதான். ஆனால் எது எழுதியவர் பாடம், எது தட்டச்சாளர் பாடம், எது மாற்றியின் பாடம் என்று பிரித்துச் சொல்ல இரண்டு பொருள் கையில் இருக்க வேண்டும். மூலக் கோப்பு ஒன்று. அதை மாற்றிய அதே நிரல் மற்றொன்று. பழைய கோப்பை அதே நிரலில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் பிழை எங்கே புகுந்தது என்பது தெரிந்துவிடும். நிரல் இல்லையென்றால் ஊகம்தான்.

மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியம் வாங்காமல் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, திருக்குறளை முதல் எண்ணாக வைத்து வரிசையாக ஏற்றினார்கள். சிந்தாமணி வரை அங்கே கிடைக்கிறது. முதலில் அக்காலக் குறியேற்றங்களிலும், பின்னர் யூனிகோடிலும் தந்தார்கள். இதில் நான் மிகவும் மெச்சுவது, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று போட்டு, அந்தத் தலைப்பகுதியை நீக்காமல் யாரும் பரப்பலாம் என்று சொன்னதை. ஏட்டின் கடைசியில் எழுதினவன் தன் பெயரும் ஊரும் எழுதி முடிக்கும் மரபு இதில் தொடர்கிறது. இதை எடுத்துத் தங்கள் தளத்தில் ஒட்டிக்கொண்ட வேறு பலர் முதலில் வெட்டியது அந்தத் தலையைத்தான். வியாபாரியான எனக்கு இது பில் இல்லாத சரக்குப் போலப் படுகிறது.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து அடித்தார்கள் என்பது எல்லாக் கோப்பிலும் ஒரே சீராக இல்லை. பின்னால் திருத்தினால் எந்த நாளில் எதைத் திருத்தினார்கள் என்ற வரலாறு வாசகனுக்குக் கிடைப்பதில்லை. உ.வே.சா. பதிப்பில் அடிக்குறிப்பாகப் பிரதிபேதம் இருக்கும். கணினிப் பதிப்பில் பெரும்பாலும் ஒரே பாடம், அதுவும் மௌனமாக மாறக்கூடிய பாடம். தன்னார்வலர்களிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பல்கலைக்கழகங்களிடம் கேட்கலாம் அல்லவா?

மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த வரலாற்றை வைப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். குருகிராமில் வேலை செய்யும் என் மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று பதிந்துவைக்கும் முறைகள் உண்டு. முன்பு சி.வி.எஸ்., பிறகு சப்வெர்ஷன், 2005 முதல் கிட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இன்றைய நிலையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாமல் பழைய வரலாறு முழுவதையும் கொண்டுபோக, சி.வி.எஸ். டு எஸ்.வி.என். போன்ற மாற்றிகளை எழுதினார்கள். புதிதாகச் சி.வி.எஸ்.ஸில் வேலை தொடங்குவார் இன்று அநேகமாக இல்லை. ஆனாலும் அந்த மாற்றியைத் தூக்கி எறியக்கூடாது என்பது விவரம் தெரிந்தவர்களின் கட்சி. எங்கோ ஒரு பழைய பெட்டியில் இன்னும் மாற்றாத ஆவணம் இருக்கும். அதைத் திறக்க ஒருவன் வருவான். 2020இல் பிட்பக்கெட் என்ற பெரிய தளம் மெர்க்குரியல் என்ற முறையில் வைத்திருந்த திட்டங்களை இனி வைத்திருக்கமாட்டோம் என்று நீக்கியபோது, பிரான்சில் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற காப்பகம் 2,00,000க்கும் மேற்பட்டவற்றைப் பிரதி எடுத்துக் காப்பாற்றியது. 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களுக்காக நம்மில் யார் ஓடினோம்?

தொழில் உலகத்திலும் பாருங்கள். டேலியில் கணக்கு எழுதுகிற வியாபாரிகளுக்கு நான் சொல்வது புரியும். புதிய பதிப்பு வரும்போது பழைய பதிப்பின் கணக்கை மாற்றிக்கொள்ள அந்தக் கம்பெனியே மாற்றுக் கருவி தந்தது. தராவிட்டால் கடைக்காரன் விடுவானா? வருமான வரிக்காரர் கேட்கும் கணக்குக்கு இருக்கிற மரியாதை இலக்கியத்துக்கு இல்லை.

வியாபாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய தில்லி சேட்டுகளின் சிவப்புத் துணி அட்டை பஹிகாத்தாவில் மகாஜனி என்ற எழுத்தில் எழுதியிருப்பார்கள். உயிர்க்குறி போடாமல் விறுவிறுவென்று எழுதும் எழுத்து. "காகா அஜ்மேர் கயே" (பெரியவர் அஜ்மேருக்குப் போனார்) என்று எழுதிய கடிதத்தை "காகா ஆஜ் மர் கயே" (பெரியவர் இன்று செத்துப்போனார்) என்று படித்து வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள் என்று பஜாரில் ஒரு கதை சொல்வார்கள். அந்த எழுத்தைத் தடங்கலின்றிப் படிப்பவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு 2014இல் யூனிகோடு 7.0இல் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது, படிப்பவர் போய்விட்டார்.

அதே 7.0 பதிப்பில்தான் கிரந்த எழுத்துக்கும் இடம் வந்தது. தமிழ்ச் சமணர்களுக்கு இது சின்ன விஷயம் அன்று. எங்கள் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடை. ஏடுகளில் வடசொல் கிரந்தத்திலும் தமிழ்ச்சொல் தமிழ் எழுத்திலும் கலந்து வரும். 2014க்கு முன் இப்படிப்பட்ட நூலைக் கணினியில் அடிக்க விரும்பியவர், ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் கிரந்த எழுத்தை உட்கார வைத்த தனி எழுத்துரு ஒன்றைத் தாமே செய்தோ, செய்வித்தோதான் அடிக்க முடியும். அந்த ஓர் எழுத்துருக் கோப்பு தொலைந்தால் எந்த மாற்றியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பாமினிக்காவது ஆயிரம் பேருக்கு அட்டவணை தெரியும். ஒருவர் தம் வீட்டில் செய்த கிரந்த எழுத்துருவுக்கு அவர் ஒருவரே அகராதி. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படி அடித்துவைத்த சில பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துருவும் சேர்ந்து ஒரே ஃபிளாப்பியில் இருந்ததால் தப்பியது.

மூடபித்ரியில் இருந்த ஷட்கண்டாகமத்தின் தவளா உரைச் சுவடிகளின் கதையும் இங்கே பொருந்தும். மொழி பிராகிருதம், எழுத்தோ பழைய கன்னடம். பிராகிருதம் தெரிந்த வடநாட்டுப் பண்டிதருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவருக்கு மொழி பிடிபடாது. நாகரியில் பெயர்த்து எழுதி முடிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. ஹீராலால் ஜெயின் பதிப்பில் 1939 முதல் அது 16 தொகுதிகளாக அச்சேறியது. பெயர்த்தெழுதிய படியை வைத்தே தொடங்கினார்கள். பிறகு மூலச் சுவடியோடு ஒப்பிட்டுத் திருத்தங்கள் தந்தார்கள். நாகரிப் படி வந்துவிட்டதே என்று மூடபித்ரி ஓலைகளை யாராவது அடுப்பில் போட்டிருந்தால்? சாத்திர தானம் என்று சமணம் நான்கு தானங்களில் ஒன்றாக வைத்தது நூலைப் படி எடுத்துக் கொடுப்பதை. பழைய படியை அழிக்கச் சொல்லவில்லை.

சரி, தில்லித் தமிழர் வீட்டுக்குள் வருவோம். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் நம் ஊர்த் தமிழ் அமைப்புகள் போட்ட ஆண்டு மலர்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவை. நானே காகிதம் கொடுத்த மலர்கள் உண்டு. முதல் தலைமுறையில் கரோல்பாக்குக்கும் லோதி காலனிக்கும் வந்து குடியேறிய அரசு ஊழியர்கள் தங்கள் கைப்பட எழுதிய நினைவுகள் அவற்றில் இருக்கின்றன. வேறெங்கும் கிடைக்காத செய்திகள். அப்படி ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) தன் பழைய மலர்களிலிருந்து ஒரு தொகுப்புப் போட நினைத்தது. குறுந்தகடு இருந்தது, கோப்பும் இருந்தது. திறக்கத்தான் ஆளில்லை. கடைசியில் அச்சான மலரைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சிட்டார்கள். அச்சுப் படி கிடைக்காத இரண்டு ஆண்டு மலர்கள் தொகுப்பில் இடம்பெறவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன் வாரிசான இன்டிசைன், 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்பை வாங்கிக்கொண்டது. அதற்கடுத்த சி.சி. பதிப்புகளில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இது முதல் பூட்டு. உள்ளே போனால் எழுத்துரு வேண்டும். அது காசு கொடுத்து வாங்கியது, சிலவற்றுக்கு டாங்கிள் என்று ஒரு வன்பூட்டுக் கட்டையைக் கணினியின் பின்னால் சொருக வேண்டும், அந்தத் துளையே இன்றைய கணினிகளில் கிடையாது. இரண்டாவது பூட்டு. மூன்றாவது அந்த எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மாற்றியாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் ஓடாது. 2021இல் வந்த விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். இணையப் பக்கங்களுக்கும் இதே கதிதான். எக்ஸ்ப்ளோரரில் மட்டும் தானாக இறங்கும் எழுத்துருவை நம்பி அமைத்த தமிழ்த் தளங்கள், 2022 ஜூனில் அந்த உலாவியே ஓய்வு பெற்றபின் வெறும் கிறுக்கலாகக் காட்சி தருகின்றன.

நல்ல உதாரணமும் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. திஸ்கியின் அட்டவணையை அதன் ஆக்குநர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால் 2002இலேயே லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் திஸ்கி மாற்றி சேர்ந்துவிட்டது. 2007இல் உலகக் குறியேற்றப் பட்டியலிலும் திஸ்கியின் பெயர் பதிவாயிற்று. பயன்: இன்றும் லினக்ஸ் கணினியில் 1999ஆம் ஆண்டுத் திஸ்கிக் கோப்பை ஒரு வரிக் கட்டளையில் யூனிகோடாக மாற்றலாம். செய்தவர் யார், கம்பெனி இருக்கிறதா போய்விட்டதா என்ற கவலையே இல்லை. அட்டவணையைப் பொதுவில் வைத்ததால் வந்த ஆயுள் இது. வணிக எழுத்துருக்கள் பலவற்றுக்கு இப்படி ஓர் அட்டவணையை உரியவர்கள் இன்றுவரை வெளியிடவில்லை. விற்றுத் தீர்ந்த, இனி விற்கப் போகாத சரக்கின் அட்டவணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்? நானும் வியாபாரிதான். கேட்கிறேன்.

ஆர்.கே.புரம் நூலகம் போன்ற ஓர் இடத்தில் இதற்கு ஓர் அலமாரி போதும் என்பது என் கருத்து. பழைய விண்டோஸோடு ஒரு கணினி, இணையத்தோடு சேர்க்காமல், பேஜ்மேக்கர், ஃபிளாப்பி ஓட்டி ஒன்று, கெட்டுப்போனால் மாற்ற இன்னொன்று, எழுத்துருக்கள், அவற்றின் மாற்றிகள், ஒவ்வொன்றின் எண்-எழுத்து அட்டவணை காகிதத்தில் அச்சிட்டு. காகிதம் நான் தருகிறேன். அமிலமில்லாத நல்ல காகிதம் ஏட்டைப் போலவே நாள்பட நிற்கும். மூலக் கோப்பை மாற்றினாலும் மூலம் அப்படியே இருக்க வேண்டும், பக்கத்தில் எந்த மாற்றியில், எந்த நாளில் மாற்றியது என்ற சீட்டு இருக்க வேண்டும். செலவு அதிகமில்லை; ஒரு விழாவின் மேடை அலங்காரச் செலவு கூட ஆகாது.

அதுவரை என் கடையில் இதில் பாதி இருக்கிறது. மேல்மாடியில் ஒரு பழைய எக்ஸ்பி கணினி ஓடுகிறது. யார் வீட்டிலாவது தந்தையார் எழுதிய கட்டுரையோ, கல்யாண மலரோ, சங்க மலரோ ஃபிளாப்பியிலோ குறுந்தகட்டிலோ கிடந்தால் கொண்டு வாருங்கள். ஞாயிறு பஜார் விடுமுறை, மற்ற நாள் மாலையில் இருப்பேன். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். தெரியாவிட்டால் அச்சான படி ஒரு பக்கமாவது வேண்டும். ழகரத்தின் வாலையும் ணகரத்தின் சுழியையும் பார்த்து எந்த எழுத்துரு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.